வீடு மாறப் போகிறீர்களா? புது வீட்டிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்

முதன்முறையாக வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டைக் காலி செய்வதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எப்படியோ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வண்டியில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆனால் ஆளை அலைக்கழிப்பது அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாது. கட்டில் வந்திருக்கும், அதன் ஸ்க்ரூ எங்கே என்று தெரியாது. மறுநாள் காலையில் போட வேண்டிய மாத்திரை எங்கோ அடியில் கிடக்கும். அதனால் ஒவ்வொரு முடிவையும் புது வீட்டில் நின்றுகொண்டு எடுங்கள். இந்தச் சாமான் அங்கே எந்த அறைக்குப் போகும், முதல் நாளே வேண்டுமா, ஒரு மாதம் கழித்து வேண்டுமா? கையில் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் மீதி வேலையெல்லாம் தன்னால் வரிசைப்படும்.

நாள் குறிப்பது

ஒரு குடும்பம் வாழும் வீட்டைப் பதற்றமில்லாமல் மாற்ற ஆறு முதல் எட்டு வாரம் தேவை. ஒற்றை ஆள் என்றால் மூன்று நான்கு வாரம் போதும். வாடகை வீடு என்றால் முதல் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணம் எப்படித் திரும்பி வரும், சுவரில் அடித்த ஆணிக்கும் வண்ணத்துக்கும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். காலி செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்ன தேதியை வைத்துப் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

மாதக் கடைசியிலும் வார இறுதியிலும் வண்டிக்கும் ஆட்களுக்கும் கிராக்கி அதிகம். முடிந்தால் மாத நடுவில் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, இரண்டு வீட்டுச் சாவியும் சில நாட்களாவது ஒரே நேரத்தில் உங்கள் கையில் இருக்கும்படி பாருங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை போனாலும் எனக்கு அது வீண் செலவாகத் தெரியவில்லை. வெறும் வீட்டில் துடைப்பதும் வண்ணம் பூசுவதும் குழாய் பழுது பார்ப்பதும் சுலபம். சாமான் வந்து இறங்கிவிட்டால் அதே வேலை மூன்று மடங்காகும்.

அளவெடுப்பது

சாவி கிடைத்ததும் அளவு நாடாவோடு போய் வாருங்கள். அறைகளின் நீள அகலத்தை அளப்பது எல்லோருக்கும் தோன்றும். மறந்துபோவது வழிதான். வாசற்கதவின் அகலம், லிஃப்டின் உட்புற உயரமும் ஆழமும், மாடிப்படி திரும்பும் இடம், நடைபாதையின் குறுகலான பகுதி இவற்றையெல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சோபாவும் பீரோவும் அறைக்குள் பொருந்திவிடும், ஆனால் படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். சோபாவை நிமிர்த்தியோ சாய்த்தோ கொண்டுபோக முடியுமா என்று பார்க்க அதன் உயரமும் ஆழமும் தெரிய வேண்டும். பல சோபாக்களின் கால்கள் திருகிக் கழற்றக்கூடியவை. கதவைக் கீலிலிருந்து கழற்றினாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும்.

பிறகு ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையால் போட்டு, பிளக் பாயின்ட், குழாய், ஜன்னல் இருக்கும் இடங்களைக் குறியுங்கள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் நான்கும் எங்கே நிற்கும் என்பது இந்தத் தாளிலேயே முடிவாகிவிட வேண்டும். சுமை தூக்குகிறவர்கள் கேட்கும்போது யோசித்தால், கையில் கனத்தோடு அவர்கள் காத்திருக்க வேண்டும்.

கழிப்பது

வீடு மாறும் வேலையில் செலவையும் உடல்வலியையும் அதிகம் குறைப்பது இந்தக் கட்டம்தான். ஆனாலும் எல்லோரும் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். வேண்டாத பொருளைக் கட்டவும் தூக்கவும் பிரிக்கவும் இடம் தேடவும் செலவாகும் நேரத்தைக் கணக்குப் போட்டால் தயக்கம் போய்விடும்.

பரண், கட்டிலுக்கு அடியில் உள்ள இடம், பயன்படாத அலமாரி என்று கண்ணில் படாத இடங்களிலிருந்து தொடங்குங்கள். புகைப்படம், கடிதம், பிள்ளைகளின் சின்ன வயதுப் பொருட்கள் இவற்றை முதலில் தொடாதீர்கள். உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும், ஒன்றும் குறையாது. அவற்றை அப்படியே ஒரு பெட்டியில் வைத்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோய், ஓய்வாக இருக்கும்போது பாருங்கள். முடிவு செய்ய முடியாத பொருட்களுக்கு ஒரே ஒரு பெட்டியை ஒதுக்குங்கள். அது நிறைந்துவிட்டால், புதிதாக ஒன்று உள்ளே போக இன்னொன்று வெளியே வர வேண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், அதாவது பார்ட்டிகிள் போர்டில் ஆன மேசை, அலமாரி இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பலகையில் ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றி மறுபடி முடுக்கினால் முன்பிருந்த பிடிமானம் கிடைக்காது. மூலைகள் நொறுங்கும், ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும். ஏற்கெனவே ஆட்டம் காணும் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பூட்டுவதைவிடத் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கெட்டி மரச் சாமான் அப்படியல்ல, அதற்குச் செலவழிக்கலாம்.

மளிகைச் சாமானை ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே குறைத்து வாங்கி, இருப்பதைத் தீர்த்துக்கொண்டு வாருங்கள். காலாவதியான மருந்து, காய்ந்த பெயின்ட், பழைய பேட்டரி இவற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேருங்கள்.

ஆட்களையும் வண்டியையும் பேசுவது

இரண்டு மூன்று நிறுவனங்களை அழைத்து வீட்டை நேரில் காட்டுங்கள், அல்லது வீடியோ அழைப்பில் காட்டுங்கள். தொலைபேசியில் கேட்டதுமே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறவரிடம் கவனமாக இருங்கள். பார்க்காத சாமானுக்குச் சொன்ன தொகை, இறக்கும் நேரத்தில் ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். காட்டும்போது பரணையும் பால்கனியையும் மொட்டை மாடியில் கிடப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். லிஃப்ட் உண்டா, எத்தனையாவது மாடி, வாசல்வரை வண்டி வருமா என்பதை இரண்டு வீட்டுக்கும் சொல்லுங்கள்.

எழுதி வாங்கும் மதிப்பீட்டில் கட்டுவது, கழற்றிப் பூட்டுவது, மாடி ஏற்றுவது, காத்திருப்பது, வரி எல்லாம் அடங்குமா என்று வரிவரியாகக் கேளுங்கள். உடைந்தால் என்ன என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். நிறுவனம் ஏற்கும் பொறுப்பு வேறு, காப்பீடு வேறு. நிறுவனத்தின் பொறுப்பு பொருளின் எடையை வைத்தோ ஒரு குறிப்பிட்ட தொகைவரையோ மட்டும் இருக்கலாம். காப்பீடு என்றால் நீங்கள் அறிவிக்கும் மதிப்புதான் அடிப்படை, அதனால் விலை கூடிய பொருட்களைப் பட்டியலிட்டுப் படம் எடுத்து வையுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பல ஒப்பந்தங்களில் ஈடு கிடையாது. அதைப் படித்த பிறகு கண்ணாடிச் சாமானை யார் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

நண்பர்களோடு சேர்ந்து நீங்களே மாற்றுவதாக இருந்தால், பெரிய சாமான் குறைவாகவும் தூரம் கிட்டத்திலும் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். பீரோவை மாடிப்படியில் இறக்குவது பழக்கமுள்ளவர்களின் வேலை.

கட்டுவது

பெட்டிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கனமான பொருள் சிறிய பெட்டியில், லேசான பொருள் பெரிய பெட்டியில். இந்த ஒரு விதியை மீறினால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி உள்ள பெட்டியில் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் ஏறத்தாழ 20 கிலோ வரும். பக்கம் ஒன்றரை அடி என்றால் கொள்ளளவு மூன்று மடங்குக்கு மேல். அதில் அதே புத்தகத்தை நிரப்பினால் 60 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கும் எடைக்கு 23 கிலோவை வரம்பாக வைத்துக் கணக்கிடுகிறது. படியில், திருப்பத்தில், களைப்போடு தூக்கும்போது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வீட்டில் உள்ள யாரும் நகர்த்தலாம்.

அட்டைப்பெட்டியின் பலம் அதன் மூலைகளில் இருக்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பலம் வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் நனைந்து காய்ந்த பழைய பெட்டிகள் வேண்டாம். அரைகுறையாக நிரப்பிய பெட்டி மேலே சுமை ஏறியதும் உள்வாங்கும். மிச்ச இடத்தைத் துண்டு, தலையணை உறை, கசக்கிய தாள் எதையாவது வைத்து நிரப்பி, லேசாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையக் கூடாது. அடிப்பக்கத்தில் நடுக்கோட்டின் மேல் இரண்டு மூன்று வரி டேப் ஒட்டி, அதன் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு வரி ஒட்டுங்கள். மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடுவது அடிப்பக்கத்துக்குப் போதாது.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் செங்குத்தாக நிறுத்துங்கள். படுத்திருக்கும் அடுக்கில் மேலே உள்ள எடையெல்லாம் அடித்தட்டின் மேல் இறங்கும், ஒரு குலுக்கலில் விரிசல் விழும். நிமிர்ந்து நிற்கும் தட்டு அந்த அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். டம்ளரையும் கோப்பையையும் வாயைக் கீழே வைத்து, உள்ளேயும் தாள் திணித்து வையுங்கள். பெட்டியின் அடியிலும் மேலும் கசக்கிய தாள் மெத்தைபோல் இருக்கட்டும். செய்தித்தாளின் மை வெள்ளைப் பாத்திரத்தில் ஒட்டும், பொருளைத் தொடும் முதல் சுற்றுக்கு அச்சில்லாத தாள் நல்லது. கண்ணாடியின் மேல் குறுக்காக டேப் ஒட்டுவது உடையாமல் காக்காது. உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடிக்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு அட்டையும் போர்வையும் வேண்டும், கண்ணாடி எப்போதும் நிமிர்ந்துதான் போக வேண்டும்.

எண்ணெய், ஷாம்பு, திரவ சோப்பு பாட்டில்களின் மூடியைத் திறந்து, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி திருகி மூடுங்கள். அப்புறம் அவற்றைத் தனிப் பையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். கத்தியை அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, மேலே “கத்தி” என்று எழுதிவிடுங்கள். பிரிக்கிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

கட்டிலையும் மேசையையும் கழற்றுமுன் இணைப்புகளைப் படம் எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூ, நட்டு, ஆலன் கீ எல்லாவற்றையும் சிறு பையில் போட்டு, எந்தச் சாமானுடையது என்று எழுதி, அந்தச் சாமானின் மேலேயே கட்டுங்கள். டிவி, மோடம், கம்ப்யூட்டர் வயர்களுக்கும் இதே முறைதான். பின்பக்கத்தைப் படம் எடுத்து, வயரின் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி எங்கே செருகுவது என்று எழுதுங்கள்.

இப்போது பெயர் எழுதுவது. இதில்தான் புது வீட்டு யோசனை முழுதாகப் பலிக்கும். பழைய வீட்டில் அது எந்த அறையில் இருந்தது என்று எழுதாதீர்கள், புது வீட்டில் எந்த அறைக்குப் போகிறது என்று எழுதுங்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக உள்ளே இருப்பது. பெட்டியின் மேல் “நகை” என்றோ “கேமரா” என்றோ எழுத வேண்டாம், அது நோட்டில் இருந்தால் போதும். இறக்கும்போது எண்களைச் சரிபார்த்தால் எதுவும் விட்டுப்போகவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

எதை முதலில் கட்டுவது? எது கடைசியாகப் பிரிக்கப்படுமோ அதை. புத்தகம், அலங்காரப் பொருட்கள், பருவத்துக்குப் பொருந்தாத துணி முதலில். சமையலறை கடைசியில் வந்தாலும் அதிக நேரம் எடுப்பது அதுதான். அதற்கு முழுதாக ஒரு நாளையாவது ஒதுக்குங்கள்.

மின்சாதனங்கள்

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, பனி உருகவிட்டு, துடைத்துக் காயவிடுங்கள். தட்டுகளைத் தனியாக எடுத்துக் கட்டுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். அது திரும்பி இறங்குவதற்குள் ஓடவிட்டால் கம்ப்ரஸர் கெடலாம். நிமிர்ந்தே வந்திருந்தாலும் சில மணி நேரம் பொறுத்துத்தான் பிளக்கைச் செருக வேண்டும். படுத்து வந்திருந்தால் ஒரு நாள் நிற்கட்டும்.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினின் டிரம், ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்கும்போது பின்பக்கத்தில் அதைப் பிடித்திருந்த நீண்ட போல்ட்டுகளை மறுபடி மாட்டித்தான் தூக்க வேண்டும். அவை தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கானவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். போட்ட போல்ட்டைக் கழற்றாமல் புது வீட்டில் ஓடவிட்டால் இயந்திரம் அறையையே அதிரவைக்கும், தானும் கெடும். குழாயிலும் கீழே உள்ள வடிகட்டியிலும் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டிவி நிமிர்ந்தே போகட்டும். படுக்கவைத்தால் மெல்லிய திரை நடுவில் வளையும். ஏசியைக் கழற்ற, வாயுவை வெளிப்புற யூனிட்டில் அடைக்கத் தெரிந்த தொழிலாளி வேண்டும். மறுபடி பொருத்தும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெற்றிடப் பம்பால் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள முக்கியமானவற்றை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைத்த பிறகே அதைக் கட்டுங்கள்.

வண்டியில் ஏறக் கூடாதவை

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர், பெயின்ட் போன்ற தீப்பற்றும் எதுவும் மூடிய வண்டியில் போகக் கூடாது. நகை, பணம், வீட்டுப் பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட், மருந்து, மூக்குக் கண்ணாடி, லேப்டாப், பவர் பேங்க் எல்லாம் உங்கள் கையோடு வரட்டும். செடிகள் மூடிய வண்டியின் வெப்பத்தில் வாடிவிடும், சொந்த வாகனம் இருந்தால் அதில் வைப்பது நல்லது. நாய், பூனை இருந்தால் அன்று வேறு யாருடைய பொறுப்பிலாவது விடுங்கள், அல்லது ஒரு அறையில் வைத்துக் கதவில் எழுதி ஒட்டுங்கள். திறந்த வாசலும் புது ஆட்களும் அவற்றை மிரளவைக்கும், ஓடிவிட்டால் எல்லா வேலையும் நின்றுபோகும்.

இதோடு ஒரு முதல் நாள் பை. மாற்றுத் துணி, சோப்பு, துண்டு, பல் துலக்கும் சாமான், சார்ஜர், கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், விளக்கு, குப்பைப் பை, கொஞ்சம் சாப்பாடு, தண்ணீர், படுக்கை விரிப்பு. கைக்குழந்தை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பை. இரண்டு நாள் வெளியூர் போவதுபோல் கட்டினால் எதுவும் விடுபடாது.

முகவரி மாற்றத்தைப் பொறுத்தவரை, இரண்டு வாரம் முன்பே வங்கி, காப்பீடு, அலுவலகம், பள்ளி, மின்சாரம், இணையம் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடியுங்கள். இணைய இணைப்பை மாற்றத்தான் அதிக நாளாகும், அதை முதலில் கேளுங்கள்.

மாறும் நாள்

கனமானவை முதலில் ஏறி, ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்சுவரோடு தாழ்வாக நிற்க வேண்டும். லேசானவை மேலே, இடைவெளிகளில் தலையணையும் போர்வையும். கயிறோ பட்டையோ கட்டாமல் வண்டி புறப்பட விடாதீர்கள். புது வீட்டில் முதலில் வேண்டிய கட்டிலும் மெத்தையும் கடைசியாக ஏறினால் முதலில் இறங்கும். மெத்தைக்கு உறை போட மறக்க வேண்டாம். ஒருவர் வண்டிப் பக்கம் நின்று எண்களைக் குறிக்கட்டும், இன்னொருவர் வீட்டுக்குள் இருக்கட்டும். நிறுவனத்தின் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அதில் சாமானின் நிலை பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். நல்ல மேசைக்கு “கீறல்” என்று எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

காலியான வீட்டில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் அளவுகளையும் படம் எடுங்கள். முன்பணக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும். கதவுகளுக்குப் பின்னால், பரண், துணி காயும் கொடி, குளியலறை அலமாரி, தபால் பெட்டி ஒருமுறை பாருங்கள்.

இறங்கிய பிறகு

வண்டிக்கு முன்பே ஒருவர் புது வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, மெயின் சுவிட்ச் எங்கே என்று பார்த்து, ஒவ்வொரு கதவிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டட்டும். பெட்டியில் எழுதியதும் கதவில் எழுதியதும் ஒரே பெயராக இருந்தால் யாரும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் கட்டிலைப் பூட்டி விரிப்பை விரித்துவிடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் படுக்க இடம் இருக்கும். பிறகு குளியலறை, அதன் பின் சமையலறையில் அன்றாடம் வேண்டியவை. இந்த மூன்றும் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவு போதும். எல்லா அறையிலும் எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஓர் அறையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய அறை முதலில் முடியட்டும், பழக்கமான பொருட்கள் கண்ணில் பட்டால் அவர்களுக்கு இடம் சீக்கிரம் பிடித்துவிடும்.

உடையக்கூடியவை என்று எழுதிய பெட்டிகளை மட்டும் சீக்கிரம் திறந்து பாருங்கள். சேதத்தைத் தெரிவிக்க ஒப்பந்தத்தில் கெடு இருக்கும், அது சில நாட்களிலேயே முடிந்துவிடலாம். உடைந்திருந்தால் பொருளையும் பெட்டியையும் படம் எடுத்து, பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்து, எழுத்தில் அனுப்புங்கள். முன்பு குடியிருந்தவர்களிடம் சாவி இருக்கலாம், முதல் வாரத்திலேயே வாசற்பூட்டை மாற்றிவிடுங்கள், வாடகை வீடானால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு. வாஷிங் மெஷினின் போல்ட்டுகளைக் கழற்றியதும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறைக்காக அதன் கையேட்டோடு வையுங்கள்.